ஏத்தட்டுமா, இறக்கி வைக்கட்டுமா?

டயர் கடைக்கு மேல் ஏறிப்போகும் படிக்கட்டில் பதினெட்டுப் படிகள். சண்டையோடு வருகிறவர்கள் அதை ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் கைப்பிடியைத் தேடுவார்கள்.

மேலே, லாரிக்காரர்களுக்கும் குடோன்காரர்களுக்கும் பொதுவான சமரச மையம். பெயர்தான் பெரிசு, உள்ளே இருந்ததெல்லாம் மூன்று அறைகள். இடதில் ஒன்று, வலதில் ஒன்று, நடுவில் ஒரு மேஜை போட்ட சின்ன அறை. தடுப்பெல்லாம் பிளைவுட். வந்தவர்களை ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்துவிட்டு, நடு அறைக்காரி நாள் முழுக்க இங்கும் அங்கும் நடப்பாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரெண்டு ரூம் அக்கா'.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வேலைக்கு முன்னால் பத்தொன்பது வருஷம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போன் எடுக்கிற வேலை. "வண்டி எங்கே இருக்கு?" என்ற ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுக் கேட்டு, பதிலைவிட பதிலுக்குப் பின்னால் இருக்கிற சத்தத்தைக் கவனிக்கப் பழகியவள். "இதோ ஊருக்குள்ள நுழைஞ்சாச்சுக்கா" என்பான் ஒருத்தன். "கிளாஸ் கழுவுற சத்தம் கேக்குது. டீயைக் குடிச்சிட்டு நிதானமா கிளம்பு" என்பாள். அக்காவிடம் பொய் சொல்வதென்றால் கிணற்றுக்குள் இறங்கி நின்றுதான் சொல்லவேண்டும் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள்.

சமரசத்துக்கு ஆள் தேடியபோது, லாரி முதலாளிகள் சொன்ன ஆளைக் குடோன்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்ன ஆளை இவர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் யோசித்துப் பார்த்தால், போனில் இரண்டு தரப்பையும் ஒரே மாதிரி திட்டியிருக்கிற ஒரே மனுஷி அவள்தான். நாற்பது நாள் பயிற்சிக்கு அனுப்பி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பயிற்சியில் சொன்னதில் பாதி மறந்துபோனது. மறக்காதது ஒன்று: ஒரு அறையில் சொன்னதை, சொன்னவர் சம்மதமில்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை அவள் லாரிக்காரர் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு முறை நாற்காலியை விட்டு எழும்போதும் கேட்பாள்: "இப்பச் சொன்னீங்களே, இதை ஏத்தட்டுமா, இறக்கி வைக்கட்டுமா?" ஏத்தச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். மிச்சம் அந்த அறையிலேயே கிடக்கும்.

நடு அறையில் ஒரு பழைய ஸ்டாண்ட் ஃபேன். ஓடினால் கடகடவென்று தகரப் பெட்டியை உருட்டுகிற மாதிரி சத்தம். "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா வாயை மூடிக்கும்" என்று டயர் கடைக்காரர் பலமுறை சொல்லிவிட்டார். "காத்துக்கா வச்சிருக்கேன்? அதுதாங்க என் சுவரு" என்பாள். அந்தக் கடகடப்பு இருக்கிறவரைக்கும்தான் ஒரு அறைப் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்காது. கரண்ட் போனால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். "ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிறே. நம்ம வீட்டு ஃபேனை ரெண்டுல வைக்கிறதா மூணுல வைக்கிறதாங்கிற வழக்கு மட்டும் பதினஞ்சு வருஷமா நிலுவையில இருக்கு" என்பார்.

"அதுக்கு நீங்க வேற ஆளைப் பாருங்க. நான் அதுல ஒரு தரப்பு."

முதல் வருஷம் அவள் ஒரு தப்புச் செய்தாள். கயிறு அவிழ்ந்து சரக்கு சரிந்த வழக்கு அது. மூட்டை ஏற்றுகிறவர் ஒருத்தர், தன் வலது கை விரல்களில் பிடிமானம் போய்விட்டதை அழுதுகொண்டே சொன்னார். எதிர் அறையில் மனசு இளகட்டுமே என்று நினைத்து, "அங்கே ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைங்க, பாத்துப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பாதி வார்த்தை போதுமாயிருந்தது. யாரென்று விசாரித்து, வேலைக்கு ஆகாதவன் என்று எழுதி அடுத்த வாரமே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அவர் இடது கையைத் தூக்கி வணக்கம் வைப்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வாள். அந்த வணக்கத்தை வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போவாள்.

அதனால்தான் குளிர்வண்டி வழக்கு அவளை அப்படிப் போட்டு முறுக்கியது.

விஷயம் இதுதான். ஊசிமருந்துக் குப்பிகள் ஏற்றிய ஒரு குளிர்வண்டி, காலை பத்து மணிக்கு ஒரு பெரிய குடோன் யார்டுக்குள் நுழைந்தது. 'பத்து நிமிஷம் இருங்க' என்றார்கள். குடோன்காரர்களின் பத்து நிமிஷம் எத்தனை நிமிஷம் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது பெட்டிக்குள் குளிர் இல்லை. சரக்கு முழுக்க வீண். எஞ்சின் பத்து பத்துக்கு நின்றதாக வண்டியின் பதிவுக் கருவி சொன்னது.

இப்போதைய குளிர்வண்டிகளில் குளிர்மோட்டார் தனி. எஞ்சினை நிறுத்தினாலும் அது தலைக்குமேல் உறுமிக்கொண்டே இருக்கும். இந்த வண்டி பழசு. எஞ்சின் ஓடினால்தான் குளிர்.

"செக்யூரிட்டி வந்து விசில் ஊதி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கூலிங் நின்னுடும் சார்னு சொன்னேன். அதெல்லாம் நிக்காது, நிறுத்துன்னார்" என்பது டிரைவரின் பேச்சு.

"யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டிரைவர் தானாக நிறுத்திவிட்டுத் தூங்கினார்" என்பது செக்யூரிட்டி கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பெயரைக் கேட்டார்கள். சமரசம் பேசக் குறித்த நாளிலேயே சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பெயர் சிவப்பு லிஸ்டில் ஏறும். எந்த புக்கிங் ஆபீஸும் லோடு கொடுக்கக் கூடாதவர்களின் லிஸ்ட் அது. பத்தொன்பது வருஷம் அவள் போனுக்குப் பக்கத்தில் குத்திவைத்திருந்த லிஸ்ட். அதில் பெயர் இருக்கிறவன் கூப்பிட்டால், "லோடு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த போனில் வேறொருத்தனுக்கு அதே லோடைக் கொடுத்தவள் அவள். அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதும் அவளுக்குத் தெரியும்.

காலை பதினோரு மணிக்கு இடது அறையில் டிரைவர் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தார். வலது அறையில் குடோன் மேனேஜர். அவருக்கு மேஜைமேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூடப் பொறுக்காது. பக்கத்தில் கழுத்தில் விசில் கயிறோடு செக்யூரிட்டி. யார்டில் அவரை 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அன்று விசிலை மட்டும் சட்டைப்பைக்குள் திணித்துவைத்திருந்தார்.

"ரிப்போர்ட் எழுத்துல இருக்கு மேடம். எழுத்துக்கு மேல என்ன இருக்கு?" என்றார் மேனேஜர்.

"எழுதின கை இருக்கு சார்" என்றாள் அக்கா.

விசில் ஜன்னலைப் பார்த்தார்.

ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து நிமிஷம் பேசுவது அவள் வழக்கம். மேனேஜரை நடு அறையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஃபேன் கடகடத்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. விசிலுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை மட்டும் நகர்த்திவைத்தாள்.

அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் மனிதர் உடைந்துவிட்டார்.

"நான்தாங்க சொன்னேன். எஞ்சின் ஓடினா செக்யூரிட்டிக்கு மெமோன்னு அந்த மாசம்தான் போர்டு வச்சாங்க. கூலிங் நிக்கும்னு அவர் சொன்னார். எனக்கு எங்கேங்க தெரியும்? வர்ற வண்டியெல்லாம் தனி மோட்டார் வண்டி. இவர் எஞ்சினை ஓடவிட சாக்குச் சொல்றார்னு நினைச்சிட்டேன். அப்புறம் பெட்டியைத் திறந்ததும் மேனேஜர் எல்லார் முன்னாலயும் நின்னு, 'யாராவது நிறுத்தச் சொன்னீங்களா?'ன்னு கத்தினார். 'இல்ல சார்'னு வாய்ல வந்துடுச்சு. வாய்ல வந்ததை எழுதிக் குடுன்னாங்க. குடுத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷம்தாங்க எனக்கு சர்வீஸ்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இதை ஏத்தட்டுமா, இறக்கி வைக்கட்டுமா?"

"இறக்கி வைங்க." அவர் கை கூப்பினார். "பூட்டியே வைங்கக்கா."

அவள் வெளியே வந்தாள். உண்மை கையில் இருக்கிறது; ஆனால் எடுத்துப்போக முடியாது. மேனேஜரிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. 'உங்க ஆள் போர்டுல இருந்ததைச் சொல்லியிருந்தா என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டால், அந்தக் கேள்வியே பதில். பாதி வார்த்தை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

இடது அறைக்குப் போனாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தன் முகத்தை, கழுவித் துடைத்த சிலேட்டு மாதிரி வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது ஏத்தணுமா?"

"ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு வெயில்ல நான் தண்ணி கேட்டேன். அவர் தன் பாட்டிலையே குடுத்தார். தூங்கிட்டிருந்தவன் எப்படித் தண்ணி கேப்பான்னு கேளுங்க."

அதைக் கொண்டுபோய் வலது அறையில் இறக்கினாள். "தண்ணிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மேனேஜர். விசிலின் காது மடல் சிவந்தது.

மதியம் ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. அவள் பதினோரு தடவை நடந்திருந்தாள். கடைசியாக மேனேஜர் ஒன்றை ஏத்தினார்: டிரைவர் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், பெயர் லிஸ்டில் ஆறு மாசம் மட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நிரந்தரம்.

டிரைவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஸ்டியரிங் தேய்த்த காய்ப்பு, சின்னச் சின்னக் காசு மாதிரி.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

இப்படிக் கேட்டுவிடுவாரோ என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். 'போடாதீங்க' என்ற வார்த்தை நாக்கின் நுனியில் ஈ மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நான் சொல்றதுக்கு இல்லைங்க. நீங்க முடிவெடுக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "சரின்னு சொல்லிடுங்க. மருந்துகூட மூணு மணி நேரம்தான் சூடாச்சு. நான் இருபது நாளா சூட்டுல இருக்கேன். முடியலை. ஏத்துங்க."

"நிச்சயமா ஏத்தலாமா?"

"ஏத்துங்கக்கா."

மணி மூன்று பத்து. ஒருத்தர் செய்யாத தப்பை அவருக்காக அவளே தூக்கிக்கொண்டு நடு அறைக்கு வந்தாள். வலது அறைக் கதவுக்கு ஐந்தடி இருந்தது. நான்கு அடி வைத்தாள்.

கரண்ட் போனது.

ஃபேன் இரண்டு மூன்று தடவை முனகிச் சுற்றி நின்றது. அந்த மாடி அவ்வளவு அமைதியாக இருந்து அவளே கேட்டதில்லை. கீழே யாரோ டயருக்குள் காற்றை விடுகிற 'ஸ்ஸ்' என்ற சத்தம், பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"கரண்ட் வரும்வரைக்கும் பேச்சு இல்லை. எல்லாரும் அப்படியே இருங்க" என்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சட்டம் அவளை ஒரு ஐந்து நிமிஷம் காப்பாற்றியது. ஐந்தோ பத்தோ. நாலு மணி நின்று காத்திருக்காது.

இடது அறையில் போன் அடித்தது.

டிரைவர் எடுத்துவிட்டார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் பிளைவுட்டுக்குத் தாழ்ந்த குரல் உயர்ந்த குரல் என்ற பேதம் கிடையாது.

"சொல்லும்மா... முடியப்போகுது... ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அக்கா எழுந்திருக்க வேண்டும். போய், 'போனை வைங்க' என்று சொல்ல வேண்டும். அது அவள் வேலை. மேஜை விளிம்பைப் பிடித்தாள்.

"ஆறு மாசம்தானே, ஓடிடும்... இல்ல, அந்தாளைத் திட்டாதே. திட்டி என்ன ஆகப்போகுது? பயந்துபோய் எழுதியிருக்கார்."

எழுந்திரு, என்றது உள்ளே ஒரு குரல். இடது கையைத் தூக்கி வணக்கம் வைக்கிறவரின் முகம் வந்தது. அன்றைக்கு இரக்கப்பட்டுப் பேசிக் கெடுத்தாள். இன்றைக்கு இரக்கப்பட்டுச் சும்மா இருக்கிறாள். இரண்டும் ஒன்றா, வேறா?

"வெயில்ல நான் தவிச்சப்ப அவர்தான் தண்ணி குடுத்தார். கெட்டவர்னா குடுப்பாரா? அவர் இடத்துல நான் இருந்திருந்தா நானும் அப்படித்தான் எழுதியிருப்பேனோ என்னமோ."

எழுந்தாள். இடது அறைக் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். டிரைவர் திடுக்கிட்டுப் போனை அணைத்தார். ஏழு வாக்கியம் தாமதம். அவள் எண்ணியிருந்தாள்.

திரும்பியபோது வலது அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் விசில். சட்டைப்பையிலிருந்து விசிலை வெளியே எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னேனே, பூட்டி வைங்கன்னு."

"அது பூட்டித்தான் இருக்கு."

"திறங்க."

"ஏத்தட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நானே தூக்கிட்டு வரேன்."

ஃபேன் ஓடாத நடு அறையில் நான்கு பேரும் முதல் தடவையாக ஒன்றாக நின்றார்கள். விசில் சொன்னார். ஒன்றையும் சுற்றிவளைக்கவில்லை. போர்டு, மெமோ, விசில், 'அதெல்லாம் நிக்காது', 'இல்ல சார்', கையெழுத்து. சொல்லிவிட்டு டிரைவரைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்தார்.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீ எனக்கு எழுதிக் குடுத்தது பொய்யா?"

"ஆமா சார்."

"மேடம், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுங்கறதை நான் யார்கிட்டயும் சொல்றதில்லை சார். நாளைக்கு நீங்களே ஏதாவது சொன்னாலும் அப்படித்தான்."

மேனேஜர் பேனாவை எடுத்தார், வைத்தார், நேராக்கினார். "சரி. டிரைவர் பேர் லிஸ்டுக்குப் போகாது. உன் விஷயத்தை ஆபீஸ்ல போய்ப் பேசிக்கலாம்."

'ஆபீஸில் பேசிக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மணி மூன்றரை. அக்கா ஒப்பந்தத் தாளை டிரைவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாங்கவில்லை.

"அவர் விஷயத்தையும் இங்கேயே பேசிடலாம் சார். இல்லைன்னா நான் கையெழுத்துப் போடலை."

"யோவ், உன்னைக் காப்பாத்தினது போதாதா?"

"அதனாலதான் சார். அவர் போர்டுல இருந்ததைத்தான் சொன்னார். போர்டுல பழைய குளிர்வண்டியைப் பத்தி ஒரு வரி இருந்திருந்தா நாம நாலு பேரும் இன்னிக்கு இந்தப் படி ஏறியிருக்க மாட்டோம். போர்டை எழுதினது அவர் இல்லையே?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். அந்தப் போர்டை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டு, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமரசம் பேசுகிறவளுக்குப் பேசாமல் இருப்பதுதான் பாதிச் சம்பளம்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு மேனேஜர் தலைமை ஆபீஸைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் நின்று, "இல்ல சார், விதியிலதான் ஓட்டை... ஆமா சார், நான்தான் எழுதினேன்" என்று அவர் சொன்னபோது குரல் ஒரு படி இறங்கியிருந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினார்: எஞ்சின் இல்லாமல் குளிர் ஓடாத வண்டிக்கு யார்டு விதியில் விலக்கு இல்லாததே காரணம், டிரைவர்மேல் குற்றமில்லை, செக்யூரிட்டிக்குத் தவறான ரிப்போர்ட்டுக்காக எச்சரிக்கைக் கடிதம் மட்டும், வேலைக்குப் பாதகமில்லை. நான்கு கையெழுத்து. மூன்று ஐம்பத்தாறுக்கு அக்கா, லிஸ்டை வெளியிடுகிற லாரி சங்கத்துக்குப் போன் செய்து, நாலு மணி லிஸ்டிலிருந்து ஒரு பெயரை எடுக்கச் சொன்னாள். எடுத்த குரல் இளம்பெண்ணுடையது. "எடுத்தாச்சு மேடம்" என்றது. பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. "எடுத்தாச்சா, எடுக்கப்போறியா?" என்றாள் அக்கா. தட்டச்சுச் சத்தம். "இப்ப எடுத்தாச்சு மேடம்."

விசில் படி இறங்கிப் போகும்போது டிரைவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர், "சரி சரி, போங்க. வெயில் இன்னும் இறங்கலை, தண்ணி பாட்டிலை மறந்துடாதீங்க" என்றார்.

மற்றவர்கள் போனபின் டிரைவரைப் படிக்கட்டில் நிறுத்தினாள். இதைச் சொல்லாமல் விட்டால் இன்றைக்குத் தூக்கம் இல்லை.

"நீங்க போன்ல பேசினது அந்த ரூமுக்குக் கேட்டுச்சு. நான் உடனே வந்து நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. கொஞ்சம் விட்டுட்டேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"என் சம்சாரம் அந்தப் பக்கம் பேசினதும் கேட்டுச்சா?"

"இல்லைங்க. உங்க பேச்சு மட்டும்தான்."

"அப்ப பரவாயில்லை. அவ விசில்காரரைத் திட்டின திட்டு கேட்டிருந்தா, மனுஷன் கதவைத் திறந்துக்கிட்டு வேற பக்கம் ஓடியிருப்பார்."

பதினெட்டுப் படியையும் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனார்.

அக்கா நடு அறைக்குத் திரும்பினாள். செய்தது சரியா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. சொல்லியாகிவிட்டது, அவர் மன்னித்தும் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த ஏழு வாக்கியம் மேஜைமேல் அப்படியே கிடந்தது, ஏத்தவும் முடியாமல் இறக்கவும் முடியாமல். கரண்ட் வந்தது. ஃபேன் இருமிக்கொண்டு எழுந்து கடகடக்க ஆரம்பித்தது. கதவில் ஒட்டியிருந்த தாளை எடுத்து, 'கரண்ட் போனால் பேசக் கூடாது' என்பதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'போனை என்னிடம் கொடுத்துவிடவும்.'